போன வழியே திரும்பும் வண்டி

எங்கள் சங்கம் என்ன செய்கிறது என்று வெளியாளுக்கு விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆபரேஷனல் ரிசர்ச் என்று ஒரு படிப்பு இருக்கிறது. இருக்கிற வண்டி, இருக்கிற ஆள், இருக்கிற நேரம், இவற்றை வைத்துக்கொண்டு ஒரு வேலையை எப்படிச் செய்தால் வீணாகாமல் முடியும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது. அதைப் படித்தவர்களும் அதை வைத்து வேலை பார்த்தவர்களும் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. தலைமை அலுவலகம் எங்கோ பெரிய நகரத்தில் இருக்கிறது. கடலூரும் சிதம்பரமும் சேர்ந்தது எங்கள் கிளை. ஒரு மாதம் கடலூரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவோம், மறு மாதம் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். சிதம்பரத்துக் கூட்டத்துக்கு ஆள் ஜாஸ்தி வரும். இட்லிக்குக் கொத்சு உண்டு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதையும் நான் கண்டுபிடித்ததில்லை.

நான் செம்மண்டலத்தில் இருக்கிறேன். கடலூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். கிளைக்கு நான்தான் செயலாளர். வேறு யாரிடமாவது கொடுத்தால் அரைகுறையாகச் செய்வார்கள் என்ற திமிரில் நானே கையைத் தூக்கி வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. தலைவர் என்னைவிட ரொம்பப் பெரியவர், கிள்ளைக்காரர். ஒரு சர்க்கரை ஆலையில் எந்த வயல் கரும்பை எப்போது வெட்டுவது என்று அட்டவணை போடும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அதில் ஒரு எண் இருக்கும்.

கிளையில் ஒரு வழக்கம் உண்டு, அவர் கொண்டுவந்தது. நான் சேர்வதற்கு முன்பு ஒரு கோடையில் குடிதண்ணீர் லாரி எந்தெந்த ஊருக்கு எந்த வரிசையில் போவது என்று கணக்குப் போட உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளாளுக்குத் தன் ஊரை முன்னால் இழுத்து, கடைசியில் நாற்காலியைத் தூக்குகிற அளவுக்குப் போய்விட்டதாம். அதிலிருந்து எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் ஊர்ப் பெயரை எடுத்துவிடுவார்கள். ஊரெல்லாம் வெறும் புள்ளி, புள்ளிக்கு ஒரு எண். ஒன்று, இரண்டு, மூன்று. யாருடைய ஊர் எது என்று கணக்கு முடியும் வரை யாரும் கேட்கக் கூடாது. கணக்கு ஓர் உறுப்பினரின் வீட்டு வாசலுக்கு வருகிறதென்றால் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். நல்ல வழக்கம்தான். இப்போதும் நான் அதை நல்ல வழக்கம் என்றுதான் சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

டயாலிசிஸ் வண்டிக்கு வழி போட்டுக் கொடுத்ததும் இந்த முறையில்தான். சிதம்பரத்தில் ஓர் அறக்கட்டளை, சிறுநீரகம் கெட்டுப்போனவர்களைச் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விட ஒரு வேன் வைத்திருக்கிறது. கூடவே ஒரு நர்ஸ் பெண்ணும் வருவாள். எந்த வழியில் போனால் ஓட்டம் குறையும் என்று அவர்கள் கேட்க, கிளை கணக்குப் போட்டுக் கொடுத்தது. அதுவும் நான் சேர்வதற்கு முந்தியது. காலையில் வெறும் வண்டி கிளம்பி முதல் புள்ளிக்குப் போகும். அங்கிருந்து ஒவ்வொரு புள்ளியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வட்டம் சுற்றி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும். மதியத்துக்கு மேல் போன வழியே திரும்பும். கடைசியில் ஏறியவர் முதலில் இறங்குவார், முதலில் ஏறியவர் கடைசியில் இறங்குவார். இதைவிடக் குறைந்த ஓட்டத்தில் அந்த ஊர்களைச் சுற்ற முடியாது. கிளை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேலைகளில் அது ஒன்று.

தலைவருக்கும் சிறுநீரகம் போயிற்று. ரொம்ப நாள் சர்க்கரை இருந்தது, கவனித்துக்கொள்ளவில்லை. போக்குவரத்துக் கழகத்தில் பஸ் நேர அட்டவணை போட்டுக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர் எங்கள் கிளையில் இருக்கிறார், தலைவருக்கு மச்சான் முறை. அவர்தான் எனக்கு போன் பண்ணிச் சொன்னார். "சர்க்கரை மில்லுல சம்பாரிச்சாரு, சர்க்கரை வந்துச்சு. இப்ப உப்பும் ஏறிடுச்சாம்மா" என்றார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் சரியாக இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேனில் கிள்ளை நிறுத்தத்துக்கு உரிய ஓர் இடம் காலியாகியிருந்தது. தலைவர் அதில் ஏறிக்கொண்டார்.

கொஞ்ச மாதம் ஓடியது. கூட்டங்களுக்கு மெலிந்துகொண்டே வந்தார். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டிருப்பார், ஊசி குத்துகிற இடம் வீங்கியிருப்பது தெரியாமல் இருக்க. கேட்டால் "போயிட்டு இருக்கும்மா" என்பார். பிறகு ஒரு நாள் அவர் மனைவி போன் பண்ணினார்.

"மேடம், இவரு இனிமே மெஷினுக்குப் போவ மாட்டேன்றாரு. நாங்க சொன்னா காதுலயே வாங்கல. நீங்களும் இவரு மச்சானும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

மெஷினுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் போனேன், அங்கிருந்து அந்த அதிகாரியின் காரில் கிள்ளைக்குப் போனோம்.

தலைவர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகம் மண் நிறத்தில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறோம் என்று புரிந்துவிட்டது.

"மெஷின் ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். "படுத்துக்கினு கெடக்கலாம். அதுக்கப்புறம் வண்டியில வர்றதுதான் முடியல. ஒடம்புல இருக்கிறதெல்லாம் உறிஞ்சி எடுத்துடறாங்க. அதோட ஊரு ஊரா சுத்தி, ஒவ்வொருத்தரா எறக்கிவுட்டு, கடைசியா நான். காலு இழுத்துக்குது. வாந்தி வருது. வந்து படுத்தா மறுநாள் பூரா எழுந்திரிக்க முடியல. எழுந்து உக்கார்றதுக்குள்ள அடுத்த முறை வந்துடுது. காலையில போறது தெரியல. திரும்பி வர்றதுதான்."

"நான் கார்ல கொண்டாந்து வுடறேன் மச்சான்" என்றார் அதிகாரி.

"இன்னிக்கு வருவ. நாளைக்கு உன் பேத்திக்கு ஸ்கூல் டே வரும். ஆயுசு பூரா வருவியா?"

ஆட்டோவில் வரலாமே என்று கேட்டேன். அதையும் பார்த்துவிட்டார்கள். ஒருமுறை ஆட்டோவில் வரும்போது ஊசி போட்ட இடம் திறந்துகொண்டு மடியெல்லாம் ரத்தமாகிவிட்டது. அதிலிருந்து நர்ஸ் இல்லாத வண்டியில் அவரை அனுப்ப அவர் மனைவிக்குப் பயம்.

"அப்ப வேன் வழிய மாத்துவோம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கோபம் இருந்தது. உடம்பில் தெம்பில்லாதவரின் கோபம். "எதுக்கு? தலைவரு வீட்டு வாசலுக்காகவா? அதவிட கொறைச்ச ஓட்டம் கெடையாது. நானே சரி பாத்தது. நான் வசதியா வர்றதுக்கு மத்தவங்க ஏன் கஷ்டப்படணும்?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னை எடுத்துட்டா மொத்த நேரமும் கொறையும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க செத்தா மொத்தம் கொறையும்னு கணக்கு சொல்றீங்களா சார்? இதுக்குத்தான் எம்.எஸ்.சி. படிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன். சமையலறை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேட்டது தப்பு என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. அவ்வளவு பிரியமும் இருந்தது.

"சரி. வழக்கப்படி நடக்கட்டும்" என்றேன். "அடுத்த கூட்டம் சிதம்பரத்துல. நீங்க வெளிய உக்காருங்க. நாங்க மறுபடி கணக்க எடுக்கிறோம். ஒண்ணும் கெடைக்கலன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். அதுவரைக்கும் மெஷினுக்குப் போங்க."

"கூட்டம் வரைக்கும் போறேன்" என்றார். "அதுக்கு மேல கேக்காத."

கூட்டத்தன்று அவரே சிரமப்பட்டு வந்தார். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாங்கள் சொல்வதற்கு முன்பே எழுந்து வெளியே போனார். வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தார். வகுப்பறை ஜன்னல் வழியாக அவருடைய வழுக்கைத் தலையின் பின்பக்கம் மட்டும் எங்களுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கொத்சை யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

கரும்பலகையில் வழக்கப்படி புள்ளிகளைப் போட்டோம். எண் கொடுத்தோம். முதல் புள்ளியின் சுமையை எப்படிக் குறைப்பது? புள்ளி வரிசையை மாற்றிப் பார்த்தோம், ஓட்டம் கூடியது. இரண்டு நடையாகப் பிரித்தோம், மெஷின் கிடைக்கும் நேரத்தோடு ஒத்துவரவில்லை. முதல் புள்ளியை நடுவில் செருகினோம், வண்டி போன சாலையிலேயே மறுபடி போக வேண்டியிருந்தது. எங்களில் பொறியியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் லேப்டாப்பில் எதைத் தட்டினாலும் பழைய விடையே வந்து நின்றது. "இதுதாங்க பெஸ்ட். இதுக்குக் கீழ போகாது" என்றார். அவர் சொன்னது உண்மை. வெளியே அந்தத் தலை அசையாமல் இருந்தது.

நான் எழுந்து போய் டஸ்டரை எடுத்து எண்களை அழித்தேன். ஒருவர் "மேடம், வழக்கம்" என்றார். "தெரியும்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் ஊர்ப் பெயரை எழுதினேன். கிள்ளை, பரங்கிப்பேட்டை, பு.முட்லூர், புவனகிரி. நடுவில் நாங்கள் உட்கார்ந்திருந்த சிதம்பரம். எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது. அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறேன்.

முதலில் வாயைத் திறந்தவர் பஸ் அதிகாரி. "ஏங்க, கிள்ளை இந்தா பக்கத்துல இருக்கு. டவுன் பஸ்ல ஏறி ஒரு தூக்கம் போடறதுக்குள்ள வந்துடும். அங்க இருக்கிறவர புவனகிரி, பரங்கிப்பேட்டையெல்லாம் காட்டிக் கொண்டாந்து வுடறோமா? தலையச் சுத்தி மூக்கத் தொடற மாதிரி இருக்குதே."

எண்ணாக இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை. புள்ளி ஒன்று என்பது பலகையில் ஓர் ஓரத்தில் இருக்கும் ஒன்று, அவ்வளவுதான்.

"மத்தியானம் வண்டி ஏன் போன வழியே திரும்பணும்?" என்று கேட்டேன்.

"திரும்பி வர்றதுன்னா அப்படித்தானே" என்றார் ஒருவர்.

"யார் முடிவு பண்ணது?"

யாரும் முடிவு பண்ணவில்லை. காலைக்குக் கணக்குப் போட்டிருந்தோம். மதியத்துக்கு அதையே திருப்பிப் போட்டுக் கொடுத்திருந்தோம். வட்டத்தில் எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் தூரம் ஒன்றுதான். மதியமும் வண்டி காலையில் சுற்றிய பக்கமே சுற்றினால் முதலில் ஏறியவர் முதலில் இறங்கிவிடுவார். ஒரே ஆளுக்குக் காலையும் நீளம், மதியமும் நீளம் என்று இருக்காது. ஆசிரியர் தட்டிப் பார்த்தார். அதே ஓட்டம். ஒரு கிலோமீட்டர் கூடவில்லை, ஒரு கிலோமீட்டர் குறையவில்லை.

ஒரு கணக்குக்கு ஒரே மதிப்புள்ள இரண்டு நல்ல விடைகள் இருக்கலாம் என்பது எங்கள் படிப்பில் ஆரம்பப் பாடம். நானே வருஷா வருஷம் இரண்டு மார்க் கேள்வியாக அதைக் கேட்கிறேன். இரண்டுக்கும் மொத்தம் ஒன்று என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் எதை முதலில் நீட்டுகிறதோ அதை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவோம். வேறு யாரிடமாவது கேட்டிருந்தால், கணக்கே தெரியாத ஒருவர், "எந்தப் பக்கமா சுத்தறீங்க?" என்று கேட்டிருப்பார். எங்களுக்கு அது கேள்வியாகவே படவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

அவரை உள்ளே கூப்பிட்டோம். பலகையில் ஊர்ப் பெயர்களைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார். நான் விளக்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். தானே விரலால் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு தடவை காலைக்கு, ஒரு தடவை மதியத்துக்கு. விரல் கிள்ளையில் வந்து நின்றது. அங்கேயே வைத்திருந்தார்.

"இது அப்பவே இருந்திருக்கு" என்றார்.

"ஆமா சார்."

"எனக்கு முன்னால கிள்ளையில யாரு ஏறிட்டு இருந்தாங்க?"

யாருக்கும் தெரியவில்லை. எங்களிடம் இருந்ததெல்லாம் எண்.

பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "இப்ப திரும்பறப்ப நீளம் புவனகிரிக்காரங்களுக்குப் போயிடுது. அது மட்டும் நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். அவரே சொன்னார். "ஒரு வாரம் இந்தப் பக்கம் சுத்துங்க, அடுத்த வாரம் அந்தப் பக்கம் சுத்துங்க. அடுத்த வாரம் நான் கடைசியா எறங்கிக்கிறேன்."

அடுத்த வாரம் என்றார். ஒவ்வொரு தடவையாக எண்ணிக்கொண்டு, கூட்டம் வரைக்கும் என்று கெடு வைத்திருந்தவர். பஸ் அதிகாரி மூக்கைச் சிந்துவதுபோல் எழுந்து வெளியே போனார். நான் பலகையைத் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை.

அறக்கட்டளைக்காரர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஓட்டம் கூடாதவரை அவர்களுக்கு எந்தப் பக்கம் சுற்றினால் என்ன. புவனகிரிக்காரர் ஒருவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு சரியாகிவிட்டார். வழி மாறிய முதல் நாள் நான் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், மதியம் அவர்களோடு வேனில் ஏறினேன். சிகிச்சை முடிந்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். இந்த நேரத்தையும் காலை நேரத்தையும் நாங்கள் ஒரே நேரமாகக் கூட்டியிருந்தோம். தலைவர் ஜன்னலோரம் இருந்தார். கிள்ளை வந்துவிட்டது. அவரே நம்பாமல் ஒரு தடவை வெளியே எட்டிப் பார்த்தார்.

வீடு நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் நடை. கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், வேண்டாம் என்றார். அவர் மனைவி வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கதவைத் திறந்தவர் அவரைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"என்னாங்க, மெஷின்ல போடலியா?"

"போட்டாச்சு."

"பொய் சொல்லாதீங்க. மணி என்னா ஆவுது?" என்று சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார். புதுக் கட்டு இருந்தது. அப்படியே அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் உள்ளே போய்ப் படுக்கவில்லை. உட்கார்ந்து, "பசிக்குது" என்றார். மெஷினுக்குப் போன நாளில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை என்று அந்தம்மா சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தபடி என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். ரசம் சாதம் கொஞ்சம் சாப்பிட்டார். நான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

நிறுத்தத்தில் சிதம்பரம் பஸ்ஸுக்காக நின்றேன். மொபெட்டில் மீன் பெட்டி வைத்துக்கொண்டு ஒருவர் நிழலில் நின்றிருந்தார், ஐம்பதுக்கு மேல் இருக்கும். நான் வேனிலிருந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறார்.

"அந்த டயாலிசிஸ் வண்டி இன்னிக்கு என்னா இந்நேரத்துக்கே வந்துட்டுப் போவுது? ரிப்பேரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. உங்களுக்கு அந்த வண்டி தெரியுமா?"

"எங்க வூட்டுக்காரம்மா அதுலதான் போயிட்டு இருந்தாங்க. இங்கதான் ஏறுவாங்க. மொத ஆளு அவுங்கதான்." பெட்டிமேல் இருந்த சாக்கை இழுத்துவிட்டார். "திரும்பி வர்றதுக்குள்ள உசிரு போயி உசிரு வருதுன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. ஒரு நாளு எனக்கு இனிமே வேணாம், என்னை வுட்டுடுங்கன்னுட்டாங்க. நாங்களும் எவ்ளோ கெஞ்சிப் பாத்தோம். போயிட்டாங்க."

மைல்கல் ஒன்று இருந்தது, அதில் உட்கார்ந்துகொண்டேன். பஸ் வருகிறதா என்று அவர் எனக்காகச் சாலையை எட்டிப் பார்த்தார்.

"அப்ப இன்னிக்கு ஏன் சீக்கிரம்?" என்று மறுபடியும் கேட்டார்.

"வழிய மாத்திட்டோம்ங்க. திரும்பறப்ப மொதல்ல கிள்ளைக்கு வரும்."

அவர் சாலையை விட்டு என் பக்கம் திரும்பினார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அதெல்லாம் மாத்த முடியுமா?"

"முடியும்ங்க" என்றேன்.